டிரம்ஸுக்கும் ஒரு ஜால்ரா

ஜால்ரா என்ற வார்த்தைக்குத் தமிழ்நாட்டில் நல்ல பெயர் கிடையாது. தலைவர் பின்னாலேயே நடப்பவர், மேனேஜர் சொல்வதற்கெல்லாம் மண்டையை ஆட்டுபவர், வைவா அன்றைக்கு மட்டும் புரொபசர் கண்ணில் படும்படி நிற்கும் மாணவர்... எல்லோருக்கும் ஒரே பட்டம்தான். ஆனால் ஒரு பஜனையில் போய் அரைமணி நேரம் உட்கார்ந்தால் விஷயம் வேறு. ஆர்மோனியக்காரர் தப்பாக ஒரு கட்டையை அமுக்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பாடுபவர் அடியை மறந்தால் கூட்டம் எடுத்துக்கொடுக்கும். ஜால்ராக்காரர் தடுமாறினால் மட்டும் மொத்தக் கூட்டமும் தடுமாறும். டிரம் செட்டில் அந்த ஜால்ராக்காரரின் வேலையைச் செய்வதுதான் ஹை-ஹாட்.

டிரம்ஸ் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. வாசிப்பவரின் இடது பக்கம் ஒரு ஸ்டாண்டில், ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்த தட்டு மாதிரி இரண்டு சிம்பல் இருக்கும். கீழே ஒரு பெடல். மிதித்தால் இரண்டும் மூடிக்கொண்டு 'சிக்' என்று சத்தம் வரும். காலை எடுத்தால் திறந்துகொள்ளும். மூடி வைத்துக் குச்சியால் தட்டினால் 'டிக் டிக்', லேசாகத் திறந்து தட்டினால் 'ஷ்ஷ்ஷ்'. ஒரே வாத்தியத்தில் இத்தனை சத்தம் டிரம் செட்டில் வேறு எதிலும் கிடையாது.

ஆரம்பத்தில் இது இவ்வளவு உயரத்திலும் இல்லை. 1920களில் அமெரிக்காவில் இது முழங்காலுக்கும் கீழே, காலால் மட்டும் தட்டும் சின்னக் கருவி. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் யாருக்கோ குழாயை நீட்டி, கைக்கு எட்டும் உயரத்துக்குக் கொண்டுவரத் தோன்றியிருக்கிறது. 1930களில் கவுன்ட் பேஸியின் குழுவில் வாசித்த ஜோ ஜோன்ஸ், அதுவரை பெரிய டிரம்மிலும் ஸ்நேரிலும் இருந்த தாளக் கணக்கை ஹை-ஹாட்டுக்கு மாற்றினார். ஜாஸ் காதுக்கு லேசானது அங்கேதான். அதன்பிறகு ராக், ஃபங்க், டிஸ்கோ என்று எது வந்தாலும் கணக்குப்பிள்ளை வேலை ஹை-ஹாட்டுக்குத்தான்.

இவ்வளவு முக்கியமான சாமானை வாங்குகிற லட்சணத்தைத்தான் சகிக்க முடியவில்லை. கடைக்குள் நுழைந்ததும் பையன் குச்சியை எடுத்து ஒரு ஜோடியைத் தட்டுவான். பக்கத்து ஜோடியைத் தட்டுவான். எது பளீரென்று காதைக் குத்துகிறதோ அது 'கிளியரா இருக்கு மச்சி' ஆகிவிடும். கூட வந்த நண்பனும் தலையாட்டுவான் (இவன்தான் முதல் பத்தியில் சொன்ன ஜால்ரா). பில் போட்டாயிற்று. மூன்று மாதம் கழித்து பாண்டு முதல்முறையாக ஸ்டுடியோவுக்குப் போய், மணிக்கணக்குக்குப் பணம் கட்டி, ஒரு பாட்டைப் பதிவு செய்துவிட்டு வந்து கேட்டால் பாட்டில் ஹை-ஹாட்டைத் தவிர வேறு எதுவும் கேட்காது. திட்டு முழுவதும் மிக்ஸிங் செய்தவருக்கு. பாவம், அவர் என்ன செய்வார்?

அடுத்து எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஸ்டேஜுக்கு எந்த ஹை-ஹாட், ரெக்கார்டிங்குக்கு எந்த ஹை-ஹாட்? இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்: ஸ்டேஜுக்குக் கனமாக, சத்தமாக, பளீரென்று; ரெக்கார்டிங்குக்கு மெல்லியதாக, அடக்கமாக. முடிந்தால் இரண்டு ஜோடி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிதான் சரி. ரெக்கார்டிங்குக்குச் சொன்னது சரி. ஸ்டேஜுக்குச் சொன்னது, பெரும்பாலான காலேஜ் பாண்டுகளைப் பொறுத்தவரை, சுத்தப் பேத்தல். ரெக்கார்டிங்குக்கு ஏற்ற ஜோடிதான் சின்ன ஸ்டேஜுக்கும் ஏற்றது. ஒரே ஜோடி போதும். அந்த ஒரே ஜோடியில் கொஞ்சம் பணம் போடலாம்.

முதலில் பணம். (பி.காம். வகுப்பில் படித்த காஸ்டிங் எதற்காவது உதவட்டும்.) நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் நான்கு நிமிடப் பாட்டு ஒன்று. சாதாரண ராக் தாளத்தில் ஹை-ஹாட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு அடி. அப்படியென்றால் நிமிடத்துக்கு 240, பாட்டுக்கு 960 அடி. அதே பாட்டில் கிராஷ் சிம்பலுக்கு விழும் அடி எவ்வளவு? பல்லவி ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, நடுவில் உற்சாகத்தில் சில. தாராளமாக வைத்தாலும் முப்பது நாற்பதைத் தாண்டாது. ஆனால் புதிதாக வாசிக்க வருபவர் முதலில் ஆசைப்படுவது கிராஷ். அடுத்து அதைவிடப் பெரிய கிராஷ். அப்புறம் சைனா சிம்பல். செட்டோடு இலவசமாக வந்த பித்தளை ஹை-ஹாட் மட்டும் அப்படியே கிடக்கும். ஒரு அடிக்கு எத்தனை பைசா என்று கணக்குப் போட்டால், ஹை-ஹாட்டில் போடும் பணத்தைவிட மலிவான பணம் டிரம் செட்டிலேயே கிடையாது. கல்ச்சுரல்ஸ் போட்டிகளில் டிரம் செட்டை நடத்துபவர்களே போட்டுவிடுவார்கள். கையோடு கொண்டுபோவது பெரும்பாலும் சிம்பல், ஸ்நேர், பெடல்தான். ஆக, எந்த ஊர் மேடையிலும் 'இது நம்ம ஆளு சத்தம்' என்று அடையாளம் தெரிவது அந்த ஜோடியில்தான்.

பித்தளை என்று சொன்னதால் உலோகத்தைப் பற்றியும் பார்த்துவிடலாம். விலையுயர்ந்த சிம்பல்களில் பெரும்பாலானவை 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். தொழிலில் இதற்கு பி20 என்று பெயர். ஏறக்குறைய கோயில் மணி வார்க்கும் அதே ரகக் கலவை. 'வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி' என்று சொல்லிவைத்தவர்களுக்கு இந்த உலோகத்தின் குணம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஸில்ஜியனின் ஏ, கே வரிசைகள், சேபியனின் ஏஏ, எச்எச், மைனலின் பைசான்ஸ் எல்லாம் இந்த ரகம். 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம் என்றால் பி8. இதில் சத்தம் கொஞ்சம் நேர்க்கோடாக, கண்ணாடி மாதிரி இருக்கும். விலை குறைந்த வரிசைகளில் பி8 நிறைய இருப்பதால் அது மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. 1971-ல் பைஸ்டி கொண்டுவந்த 2002 வரிசை பி8தான். லெட் ஜெப்லின் டிரம்மர் ஜான் பான்ஹம் வாசித்தது அதைத்தான். இன்னும் என்ன பேச்சு? ஆக பி8-ஐக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடிமட்டத்தில் இருப்பது பித்தளை. அதாவது செம்பும் துத்தநாகமும். மைனல் எச்சிஎஸ், பைஸ்டி பிஎஸ்டி 3 போன்றவை இந்த வகை. பழகுவதற்கு ஓகே. பதிவு செய்தால், தட்டைக் கரண்டியால் தட்டிய மாதிரி இருக்கும். சமையலறையில் அம்மா தட்டினால்கூட இதைவிட இனிமையாக இருக்கலாம்.

இந்தக் கம்பெனிகளின் கதையே ஒரு குடும்ப சீரியல். ஸில்ஜியன் 1623-ல் கான்ஸ்டான்டிநோபிளில் ஓர் ஆர்மேனியக் குடும்பம் தொடங்கியது; 1929-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்கு வந்தது. அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து, தம்பி ராபர்ட் 1981-ல் கனடாவில் ஆரம்பித்ததுதான் சேபியன். அந்தப் பக்கம் துருக்கியில் பழைய பட்டறையில் வேலை பார்த்த மெஹ்மத், அகோப் இருவரும் சேர்ந்து இஸ்தான்புல் என்ற பெயரில் கம்பெனி நடத்தி, 1996-ல் அகோப் இறந்தபின் அதுவும் இரண்டாகிவிட்டது. சொத்துப் பிரிப்பில் எல்லா ஊரும் ஒரே ஊர்தான் போல. இதைச் சொல்வதற்குக் காரணம், 'இந்தக் கம்பெனிதான் உசத்தி' என்று சண்டை போடுபவர்கள் பாதி நேரம் ஒரே குடும்பத்து வித்தைக்காகத்தான் சண்டை போடுகிறார்கள்.

சரி, ஸ்டுடியோ. ஹை-ஹாட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் மறக்கும் விஷயம் ஒன்று: பதிவில் ஹை-ஹாட் வந்து சேருவது அதன் சொந்த மைக் வழியாக மட்டும் இல்லை. பெரும்பகுதி ஸ்நேர் மைக் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஸ்நேருக்கும் ஹை-ஹாட்டுக்கும் நடுவே ஒரு ஜாண், இரண்டு ஜாண் தூரம்தான். ஸ்நேருக்கு மேலே வைத்த மைக்குக்கு 'நீ ஸ்நேரை மட்டும் கேள்' என்றால் கேட்குமா? எஸ்எம்57 மாதிரியான மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம் என்பதால் முதுகை ஹை-ஹாட் பக்கம் திருப்பி வைப்பார்கள். ஓரளவுக்குத் தடுக்கும். முழுவதும் தடுக்காது. ஹை-ஹாட்டுக்கென்று தனி மைக் வைத்து, அந்தச் சத்தம் அதிகமாக இருக்கிறதே என்று மிக்ஸரில் அதை முழுவதும் குறைத்துவிட்டாலும் ஹை-ஹாட் அப்படியே இருக்கும். ஏனென்றால் அது வருவது வேறு வாசல் வழியாக.

கொடுமை இதோடு முடியவில்லை. ஸ்நேர் பளிச்சென்று வெட்டுவதற்காக மிக்ஸிங்கில் உயர் அதிர்வெண்களைக் கூட்டுவார்கள். ஸ்நேரின் வெட்டும் ஹை-ஹாட்டின் குத்தலும் ஏறக்குறைய ஒரே பகுதியில், 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே, இருக்கின்றன. ஸ்நேரைக் கூட்டினால் கூடவே ஹை-ஹாட்டும் ஏறும். பிறகு கம்ப்ரஸர் போடுவார்கள். அது பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிக் காட்டும். அதாவது இரண்டு ஸ்நேர் அடிகளுக்கு நடுவே கசிந்த ஹை-ஹாட் இன்னும் முன்னால் வந்து நிற்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று எல்லா போட்டோவிலும் விழுந்துவிடும் உறவுக்காரர் மாதிரி.

இந்தக் கசிவை ஒழிக்கப் பெரிய பெரிய ஆட்களே என்ன பாடுபட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பீட்டர் கேப்ரியல் 1980-ல் வெளியிட்ட தன் மூன்றாவது ஆல்பத்தில் சிம்பலே கூடாது என்று சொல்லிவிட்டார். ஃபில் காலின்ஸும் ஜெர்ரி மரோட்டாவும் ஹை-ஹாட் உட்பட ஒரு சிம்பலும் இல்லாமல் வாசித்தார்கள். அதனால்தான் டிரம் மைக்குகளைக் கண்டபடி அமுக்கி, அறையே இடிவது போன்ற அந்த டிரம் சத்தத்தை எடுக்க முடிந்தது. பிறகு 1980கள் முழுவதும் எல்லோரும் அதைத்தான் காப்பியடித்தார்கள். 2002-ல் வந்த குவீன்ஸ் ஆஃப் த ஸ்டோன் ஏஜின் ஆல்பத்தில் டேவ் குரோல் முதலில் டிரம்களை மட்டும் வாசித்தார். சிம்பல்களைப் பிறகு தனியாக வாசித்துச் சேர்த்தார்கள். அவர்களுக்கு நேரமும் ஸ்டுடியோவும் இருந்தது. மணிக்கணக்கு மீட்டர் ஓடும் காலேஜ் பாண்டுக்கு இதெல்லாம் முடியுமா? முடியாது. அதனால் கசிந்தாலும் பரவாயில்லை என்று இருக்கும் ஹை-ஹாட்டை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கடையில் தனியாகத் தட்டும்போது எப்படி இருக்கிறது என்று பார்ப்பது பாதித் தேர்வுதான். பக்கத்து மைக் வழியாகக் கேட்கும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் மீதிப் பாதி. இதில் தேறுவது கனம் குறைந்த, கொஞ்சம் இருண்ட சத்தம் உள்ள ஜோடிகள். கனமான ஜோடியின் குத்தல் ஸ்நேர் மைக்கில் ஊசி மாதிரி இறங்கும். மெல்லிய ஜோடியின் 'ஷ்ஷ்' கசிந்தாலும் ஸ்நேரின் வால் மாதிரி சேர்ந்துகொள்ளும்.

இப்போது ஸ்டேஜ். 'லைவ்ல சத்தம் கேக்கணும்ல' என்பதுதான் கனமான ஹை-ஹாட்டுக்கான ஒரே வாதம். யாருக்குக் கேட்க வேண்டும்? இருநூறு பேர் உட்காரும் செமினார் ஹாலில் ஹை-ஹாட் கேட்கவில்லை என்று இதுவரை எந்தப் பார்வையாளரும் புகார் சொன்னதில்லை. 'பாட்டு வரியே புரியல' என்ற புகார்தான் வரும். அதற்கும் காரணம் பல நேரம் ஹை-ஹாட்தான். சின்ன மேடையில் பாடகர் டிரம்ஸுக்கு நேர் எதிரே ஆறடி தள்ளி நிற்பார். அவருடைய மைக்கின் வாய் பின்னால் இருக்கும் டிரம்ஸைப் பார்த்தபடி இருக்கும். பாடகரின் குரல் கேட்கவில்லை என்று சவுண்டுக்காரர் அந்த மைக்கை ஏற்றுவார். ஏற்றினால் குரலோடு ஹை-ஹாட்டும் ஸ்பீக்கரில் வரும். ஸ்டுடியோவில் ஸ்நேர் மைக் செய்த அதே வேலையை இங்கே பாடகர் மைக் செய்கிறது. ஸ்டேஜ் வேறு, ரெக்கார்டிங் வேறு என்று சொல்பவர்கள் கவனிக்காதது இதைத்தான். மைக் இருக்கும் இடமெல்லாம் ஸ்டுடியோதான்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. இதைப் பற்றி டிரம்மர்கள் பேசவே மாட்டார்கள். காது. வலது கைக்காரருக்கு ஹை-ஹாட் இடது காதுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் வரம்பு: 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்தான். வேகமாக டிரம்ஸ் வாசிக்கும்போது அந்த அளவைத் தொடுவது சர்வ சாதாரணம். ஒரு பிராக்டீஸ் எத்தனை நிமிடம்? இரண்டு மணி நேரம்? கனமான, பளீர் ஹை-ஹாட்டை மூடிய அறையில் வாரம் நாலு நாள் வாசித்தால், இருபத்தைந்து வயதில் இடது காதில் ரிங்காரம் கேட்க ஆரம்பிக்கும். அது போகாது. பஞ்சு வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பஞ்சு போதாது, காதடைப்பான் என்றே கடைகளில் விற்கிறது. அதை வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் சாமானே கொஞ்சம் அடக்கமாக இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு இல்லையா?

நியாயத்துக்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். திறந்த மைதானம், டிரம்ஸுக்கு மைக் கிடையாது, இரண்டு பக்கமும் பெரிய கிடார் ஆம்ப்ளிஃபையர் என்றால் மெல்லிய ஹை-ஹாட் காணாமல் போகும். மெட்டல் வாசிப்பவர்களுக்கு ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வெட்டித் தெரிய வேண்டும்; அவர்களுக்குக் கொஞ்சம் கனமான ஜோடி தேவைதான். மெல்லியதைக் குச்சியின் தண்டால் வெறித்தனமாக அடித்தால் சீக்கிரம் விரியும் என்பதும் உண்மை. இவர்கள் தங்கள் வழியில் போகட்டும். ஆனால் ஜான் மேயர் பாட்டு வாசிக்கும் பையனும் ரஹ்மான் பாட்டு வாசிக்கும் பையனும் மெட்டல்காரன் சிபாரிசு செய்ததை வாங்குவது எதற்கு என்றுதான் புரியவில்லை.

அளவு என்று வந்தால், 14 இஞ்ச் என்பதுதான் பொதுவான அளவு. 13 சின்னது, விறுவிறுப்பு அதிகம், ஆனால் சுருதி ஏறிக் கேட்கும். 15, 16 இஞ்சில் மெல்லிய ஜோடிகளைச் சமீப ஆண்டுகளில் எல்லாக் கம்பெனியும் விடுகின்றன. சத்தம் அகலமாக, தாழ்வாக இருக்கும். பார்ப்பதற்கு மிரட்டலாக இருந்தாலும் மைக்கில் 14 கனமானதைவிட 15 மெல்லியது சாதுவாக இருப்பதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. பட்ஜெட் இடம் கொடுத்தால் 15. இல்லையென்றால் 14 மெல்லியது அல்லது நடுத்தரம்.

இதைவிட முக்கியம், மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஒன்றல்ல என்பது. பெரும்பாலான ஜோடிகளில் கீழே இருப்பது கனமாக இருக்கும். 1960களில் ஸில்ஜியன் கொண்டுவந்த நியூ பீட் ஜோடி இதற்கு நல்ல உதாரணம்: மேலே நடுத்தரம், கீழே கனம். கீழே கனமாக இருந்தால் காலால் மிதிக்கும் 'சிக்' உறுதியாக வரும். மேலே லேசாக இருந்தால் குச்சிக்குச் சட்டென்று பதில் சொல்லும். பைஸ்டியின் சவுண்ட் எட்ஜ் ஜோடியில் கீழ்த்தட்டின் விளிம்பு அலை அலையாக இருக்கும். இரண்டு தட்டும் மூடும்போது நடுவில் மாட்டிய காற்று வெளியேறினால்தான் 'சிக்' தெளிவாக வரும். இல்லையென்றால் 'பொத்' என்று அமுங்கிவிடும். சில ஜோடிகளில் இதற்காகக் கீழ்த்தட்டில் ஓட்டையே போட்டிருப்பார்கள். பரதநாட்டிய நட்டுவனார் கையில் இருக்கும் தாளமும் இரண்டு ஒரே உலோகம் கிடையாது. ஒன்று இரும்பு, ஒன்று பித்தளை. இரண்டு வேறு குணங்கள் மோதினால்தான் தாளத்தில் வெட்டு வரும் என்பது பாஸ்டனில் தெரியவருவதற்கு ரொம்ப முன்னாலேயே இங்கே தெரிந்திருக்கிறது.

கடையில் என்ன செய்யலாம்? சொந்தக் குச்சியைக் கொண்டுபோக வேண்டும்; கடைக் குச்சி எப்போதும் வேறு கனத்தில் இருக்கும். கூட வந்த நண்பனுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். அவன் வாசிக்க, வாங்குபவர் இருபதடி தள்ளி நின்று கேட்க வேண்டும். டிரம்மர் உட்கார்ந்த இடத்தில் கேட்பதும் பார்வையாளர் கேட்பதும் ஒன்றே அல்ல. பிறகு ஸ்நேரோடு சேர்த்து ஒரு தாளத்தை இரண்டு நிமிடம் விடாமல் வாசித்துப் பார்க்க வேண்டும். பத்து விநாடியில் பிரகாசமாகத் தெரிவது இரண்டாவது நிமிடத்தில் எரிச்சலாகத் தெரியும். செல்போனை ஸ்நேர் உயரத்தில் பிடித்துப் பதிவு செய்வது இன்னும் நல்லது. செல்போன் பெரிய சத்தத்தைத் தானாகவே அமுக்கும். ஸ்டுடியோ கம்ப்ரஸர் செய்வதும் ஏறக்குறைய அதைத்தான். வீட்டுக்குப் போய்ச் சாதாரண இயர்போனில் கேட்டு, எந்த ஜோடியில் ஸ்நேர் தனியாகத் தெரிகிறது என்று பார்த்துவிட்டு மறுநாள் போய் வாங்கலாம். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, குச்சியின் தண்டால் ஹை-ஹாட்டின் விளிம்பைச் சுத்தியல் மாதிரி அடித்தால் எந்த ஜோடியும் காப்பாற்றாது. ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் (2021-ல் மறைந்தார்) ஸ்நேரை அடிக்கும் தட்டில் மட்டும் ஹை-ஹாட்டிலிருந்து கையைத் தூக்கிவிடுவார். வீடியோவில் பார்த்தால் விசித்திரமாகத் தெரியும். ஆனால் இரண்டாவது, நான்காவது தட்டில் ஸ்நேர் தனியாக, சுத்தமாக விழும். மைக் எதுவாக இருந்தால் என்ன? ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' (1970) பதிவில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் ஹை-ஹாட்டை நிமிடக்கணக்கில் நிறுத்தாமல் வாசிக்கிறார். ஸ்நேரை ஒருமுறைகூட மறைக்கவில்லை. பிற்பாடு ஹிப்-ஹாப்காரர்கள் அதை வெட்டி எடுத்து நூற்றுக்கணக்கான பாட்டுகளில் ஒட்டிக்கொண்டார்கள். லெட் ஜெப்லினின் நான்காவது ஆல்பத்தில் (1971) 'வென் த லெவி பிரேக்ஸ்' பாட்டுக்கு மாடிப்படிக் கூடத்தின் கீழே டிரம்ஸ், மேலே தொங்கவிட்ட இரண்டு எம்160 மைக், அவ்வளவுதான். ஹை-ஹாட்டையும் ஸ்நேரையும் பெரிய டிரம்மையும் அளவு பார்த்துக் கலந்தது மிக்ஸர் இல்லை, பான்ஹமின் கையும் காலும்.

செலவில்லாத வைத்தியம் இன்னொன்று: ஹை-ஹாட்டைக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் உயர்த்தி வைப்பது. சத்தம் வரும் இடத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும் என்பது இயற்பியல் பாடம். அறைக்குள் அவ்வளவு துல்லியமாக இருக்காது. ஆனால் நாலு விரல் தள்ளினாலே ஸ்நேர் மைக்கில் வித்தியாசம் தெரியும். தனி மைக் வைப்பதானால் இரண்டு தட்டும் சேரும் விளிம்புக்கு நேராக வைக்கக் கூடாது. மூடும் ஒவ்வொரு முறையும் காற்று மைக்கில் 'புஸ்' என்று அடிக்கும். மேலிருந்து, ஸ்நேருக்கு முதுகு காட்டி வைக்க வேண்டும்.

பணம் குறைவென்றால் பழையது வாங்கலாம். புதிய பித்தளை ஜோடிக்குக் கொடுப்பதற்குக் கொஞ்சம் மேலே போட்டால் சில நேரம் பழைய பி20 ஜோடி கிடைத்துவிடும். சிம்பலுக்குத் தேய்மானம் என்று அதிகம் கிடையாது; அழுக்கேறினால் சத்தம் இன்னும் இருண்டு வரும், சிலர் அதற்காகவே தேடுவார்கள். விரிசல்தான் ஒரே எதிரி. விளிம்பு முழுவதும் விரல் நகத்தால் தடவி, நடு ஓட்டையைச் சுற்றி வெளிச்சத்தில் பார்த்து வாங்க வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் வேண்டாம். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

ஸ்டாண்டைப் பார்க்காமல் சிம்பலை மட்டும் மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். கீழ்த்தட்டுக்கு அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருகினால் தட்டு லேசாகச் சாயும். காற்று மாட்டாமல் 'சிக்' தெளியும். பலருக்கு அப்படியொரு திருகு இருப்பதே தெரியாது. சில ஆயிரம் கொடுத்துப் புது ஜோடி வாங்குவதற்கு முன்னால் அந்தத் திருகை ஒரு சுற்று சுற்றிப் பார்க்கலாம். அப்புறம் மேல்தட்டைக் கம்பியோடு பிடித்திருக்கும் கிளட்ச். கல்ச்சுரல்ஸ் மேடை ஸ்டாண்டில் அது மரை தேய்ந்துதான் இருக்கும். இரண்டாவது பாட்டு நடுவில் மேல்தட்டு கழன்று கீழ்த்தட்டோடு படுத்துவிடும். சொந்த கிளட்ச் ஒன்றும் ஃபெல்ட் வில்லை இரண்டும் பையில் இருந்தால், ஸ்டாண்ட் எப்படியிருந்தாலும் ஸ்கோர் ஷீட் வரைக்கும் போய்ச் சேரலாம்.